குணவதியின் குட்டைக் கீபோர்டு

காமாரியா அந்த ஆபீசில் சேர்ந்த புதிதில், அவளுக்குப் பெரிய பயம் கோப்பு அலமாரிதான். தேநீர் போடுவதும் தரை துடைப்பதும் பழகிய வேலை. ஆனால் யாராவது ஒரு கப்பல் கம்பெனியின் பெயரைச் சொல்லி, "அந்த ஃபைல எடுத்துட்டு வாங்க" என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் அவள். இங்கிலீஷ் எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும். சேர்த்துப் படிப்பதற்குள் கேட்டவருக்குப் பொறுமை போய்விடும். தவறான கோப்பைக் கொண்டுபோய் நீட்டிப் பெரிய முதலாளியின் முகச்சுளிப்பையும் வாங்கியிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், அலமாரியிலிருந்த ஒவ்வொரு கோப்பின் முதுகிலும் இங்கிலீஷ் பெயருக்குக் கீழே தமிழில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கொட்டை கொட்டையான எழுத்து. யார் ஒட்டினார்கள் என்று ஒருவரும் பேசவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்த குணவதியை அவள் பார்த்தாள். குணவதி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்குக் கண்ணு மங்குது. தமிழ்ல இருந்தா தூரத்துலேர்ந்தே தெரியுது" என்றாள். அந்த நாளில் குணவதி கண்ணாடிகூடப் போட்டதில்லை.

அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் ஒட்டுதல். ஒருத்தி காலையில் திருநீறு பூசிக்கொண்டு வருவாள். இன்னொருத்தி முக்காடும் தொழுகை விரிப்புமாக வருவாள். மதியச் சாப்பாட்டை இருவரும் ஒரே மேசையில் பிரித்தார்கள்.

ஆபீஸ் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. தொழிற்சாலைகள் கப்பலில் அனுப்பும் கன்டெய்னர் என்ற பெரிய இரும்புப் பெட்டிகளுக்குத் தாள் தயாரித்துக் கொடுப்பதுதான் அங்கே வேலை. எந்தப் பெட்டி, எந்தக் கப்பல், உள்ளே என்ன சரக்கு, எவ்வளவு எடை என்று எல்லாவற்றையும் கணினியில் அடித்து அனுப்ப வேண்டும். அடிப்பதில் முக்கால்வாசி எண்கள்தான். குணவதி எண்களைப் பார்த்து அடிப்பதில்லை. தாளில் கண் ஓடும். வலது கை கீபோர்டின் வலது ஓரத்து எண் கட்டைகளின் மேல் தானாக நடக்கும். மழை ஓட்டுக் கூரையில் விழுவதுபோல ஒரே சீராக ஒரு சத்தம் வரும்.

அடித்து முடித்ததும் அனுப்பிவிட மாட்டாள். "காமாரியா, வா, படி" என்பாள். காமாரியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளிலுள்ள எண்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்வாள். ரெண்டு, ஏழு, சைபர், நாலு. குணவதி திரையைப் பார்த்து "உம், உம்" என்பாள். ஒத்துப்போன பிறகுதான் தாள் போகும். ஆபீசில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. மற்றவர்களுக்கு இது வேடிக்கை. எதிர் மேசையில் டைப் அடிக்கும் ரூபினி, "அக்கா ரெண்டு பேரும் பஜனை ஆரம்பிச்சிட்டாங்க" என்பாள்.

ரூபினி சின்னப் பெண், கெட்டிக்காரி. வாய் கொஞ்சம் நீளம். அவ்வளவுதான்.

குணவதியின் வலது தோள் கெட்டது ஒரே நாளில் இல்லை. முதலில் கையைத் தூக்கும்போது சுள்ளென்றது. பிறகு தலைவாரக் கை எட்டவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் வாங்கிவரும் மல்லிகைச் சரத்தைக் காமாரியாதான் தலையில் வைத்துவிடுவாள். பெரிய ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் குணவதியை நாற்காலியில் உட்காரவைத்து, வேலை செய்வதுபோலக் காட்டச் சொன்னாள். காட்டியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கீபோர்டின் வலது பக்கத்தில் எண் கட்டைகள். அதையும் தாண்டி மவுஸ். மவுஸைப் பிடிக்கக் கை உடம்பை விட்டு வெளியே வெளியே போகிறது. பல வருடமாகப் போயிருக்கிறது. மவுஸைக் கிட்டே கொண்டுவராவிட்டால் தோள் முழுசாகப் பூட்டிக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினாள்.

"கிட்ட கொண்டு வான்னா எப்படி? நடுவுல நம்பர் கட்டை மலை மாதிரி உக்காந்திருக்கே" என்று குணவதி வந்து சொன்னாள்.

"அப்ப அந்த மலைய வெட்டிப் போடு" என்றாள் காமாரியா.

"அத வெட்டினா எனக்குச் சோறு இல்ல."

அது விளையாட்டுப் பேச்சாக இருந்திருக்கும், அதே வாரம் லோகேஸ்வரன் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசாமல் இருந்திருந்தால். லோகேஸ்வரன் பெரிய முதலாளியின் மகன். அப்பாவுக்குப் பிறகு கம்பெனியைக் கிள்ளான் என்ற ஊரில் உள்ள ஒருவருக்கு விற்றுவிட்டு, இப்போது இங்கே மேலாளராக மட்டும் இருந்தான். நல்லவன்தான், ஆனால் கிள்ளான்காரர்கள் போனில் வந்தால் எழுந்து நின்று பேசுவான்.

"டைப் அடிக்க இனி ஒரு ஆள் போதுமாம். கிள்ளான்லேர்ந்து மிஸ்டர் வேலு வந்து ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பாப்பாரு. யாரு அதிகமா அடிக்கிறாங்களோ அவங்க இங்க. இன்னொருத்தரு சிம்பாங் அம்பாட் ஸ்டோருக்கு. சம்பளம் குறையாது லா, பயப்படாதீங்க."

சிம்பாங் அம்பாட் கடலுக்கு அக்கரையில் இருக்கிறது. ஃபெரி பிடித்து, பிறகு பஸ் பிடித்துப் போகவேண்டும். தூரம்கூடப் பெரிதில்லை. அந்த ஸ்டோர் ஒரு சரக்குக் கிடங்கு; நின்றுகொண்டே அட்டைப்பெட்டி தூக்கி அடுக்குகிற வேலை. குணவதியின் தோளுக்கு அது ஆகாது. அங்கே அனுப்பினால் வேலையை விட்டு நில் என்று சொன்னமாதிரிதான். அவளுக்குக் கல்யாணம் கைகூடவில்லை. பெரிய மார்க்கெட் பக்கத்து அடுக்குமாடியில் தனியாக இருந்தாள். கூடப்பிறந்த அக்கா மட்டும் அக்கரையில் பைராம் தோட்டத்துப் பக்கம் இருந்தாள்.

காமாரியா அன்று தொழுகையில் அதிக நேரம் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை இருவரும் கொம்தார் கடைக் கட்டடத்துக்குப் போனார்கள். மேல்மாடியில் கணினிச் சாமான் கடை வைத்திருந்த சாஹித்தைக் காமாரியாவுக்குத் தெரியும். அவளுடைய தெருக்காரர் மகன். கண்ணாடிப் பெட்டிக்குள் கீபோர்டுகள் கேக் கடைமாதிரி வரிசையாக இருந்தன. சிலது பச்சையும் சிவப்புமாக மின்னின.

"என்ன வேலைக்கு அக்கா?"

"நம்பர் அடிக்கிற வேலை. ஆனா நம்பர் கட்டை இருக்கக் கூடாது" என்றாள் குணவதி.

சாஹித் அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு காமாரியாவைப் பார்த்தான். "நாசி கண்டார் கறிச்சோறு வேணும், சோறு மட்டும் வேணாங்கிறீங்க."

"வாயாடாம காட்டுடா" என்றாள் காமாரியா.

அவன் ஒன்றை எடுத்து வைத்தான். சின்னதாக, அழகாக, ஒரு பிஸ்கட் டப்பா மூடியளவு இருந்தது. குணவதி விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்புக்குறி எங்க?" என்றாள். அம்புக்குறிக் கட்டைகள் தனியாக இல்லை, இன்னொரு கட்டையை அழுத்திக்கொண்டு எழுத்துக் கட்டையை அடித்தால் அம்பு வரும் என்றான். அதே மாதிரி எழுத்துக் கட்டைகளையே எண் கட்டைகளாக மாற்றவும் வழி இருக்கிறது என்றான்.

"மாத்தினத மறந்துட்டா?"

"ஊர் பேரு அடிக்கிற இடத்துல நம்பர் விழும்."

"வேணாம்பா" என்று அவள் அதைத் தள்ளிவைத்தாள்.

இரண்டாவது கொஞ்சம் நீளம். அம்புக்குறிகள் தனியாக இருந்தன. வலது ஓரத்து எண் கட்டைகள் மட்டும் கத்தியால் வெட்டினதுபோல இல்லை. எண்கள் மேல்வரிசையில் மட்டும். குணவதி கண்ணை மூடிக்கொண்டு விரல்களை ஓட்டினாள். எழுத்துகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. மவுஸை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். முழங்கை இடுப்போடு ஒட்டி நின்றது. பல மாதத்துக்குப் பிறகு முகம் சுளிக்காமல் அவள் மவுஸைப் பிடித்ததைக் காமாரியா பார்த்தாள்.

கட்டைகளுக்கு அடியில் இருக்கும் சுவிட்சிலும் வகை இருந்தது. "நீலம் சத்தம் போடும். செகப்பு பேசாம இருக்கும். பிரவுன் ரெண்டுக்கும் நடுவுல, அழுத்தினது விரலுக்கு மட்டும் தெரியும்" என்றான் சாஹித்.

"மாமியார், மருமக, நாத்தனார்னு சொல்லு" என்றாள் காமாரியா. குணவதி சிரித்தாள். பிரவுனை எடுத்தாள்.

பணம் கொடுக்கும்போதுதான் சாஹித் இன்னொன்றை எடுத்து வைத்தான். கை அகலத்துக்கு ஒரு குட்டிப் பலகை. எண் கட்டைகள் மட்டும் தனியாக. "இத இடது பக்கம் வைங்கக்கா. இடது கை சும்மாதானே இருக்கு. நம்பருக்கு நம்பரும் ஆச்சு, தோளுக்குத் தோளும் ஆச்சு."

வலது பக்கம் வைத்தால் மவுஸ் பழையபடி ஓரத்துக்குப் போய்விடும். இடது கையில் மவுஸ் பிடித்தும் குணவதி பார்த்திருந்தாள்; திரையில் அம்பு குடிகாரன்போல ஓடியது. அதனால் சாஹித் சொன்ன யோசனை அவளுக்குப் பிடித்துப்போனது. இரண்டையும் வாங்கினாள்.

திங்கட்கிழமை அவள் மேசையைப் பார்த்த ரூபினி, "என்னக்கா, கீபோர்டு குட்டி போட்டிருக்கு" என்றாள்.

"ஆமா. பத்தியம், கிட்ட வராத" என்றாள் குணவதி.

இடது கை புதிதாக நடை பழகும் குழந்தைமாதிரி இருந்தது. ஆனால் குணவதி விடவில்லை. மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, பழைய தாள்களை வைத்துக்கொண்டு அடித்துப் பழகினாள். வாரம் முடிவதற்குள் மழைச் சத்தம் திரும்பிவந்தது. கொஞ்சம் தூறல்தான், பெருமழை இல்லை. ஆனாலும் ரூபினியின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டாள். ரூபினி பஜனைக் கேலியை நிறுத்திவிட்டதைக் காமாரியா கவனித்தாள். எதிர் மேசையில் அவளும் சாப்பாட்டு நேரத்தில் எழுந்திருக்காமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

மிஸ்டர் வேலு வருவதற்கு முந்தின நாள், மதியம். கீழே ஒரு லோரி நின்றுகொண்டு ஹாரன் அடித்தது. பெட்டி துறைமுகத்துக்குள் போகவேண்டும். அதற்கு முன்பு அதன் எடையை அடித்து அனுப்பவேண்டும். கப்பல் அன்று இரவே கிளம்புகிறது. லோரி ஓட்டுநர் படியேறி வந்து வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, சீக்கிரம் லா, பின்னால கியூ" என்று கத்தினார். காமாரியா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்துவிட்டுக் கை ஈரத்தோடு வந்தாள். "வர்றேன் குணா, படிச்சுட்டுப் போயிடுறேன்."

"நீ போ. உன் லுஹர் தொழுகை நேரம் போகுது. நான் பாத்துக்கிறேன்" என்றாள் குணவதி.

காமாரியா உள்ளறைக்குப் போய்த் தொழுதாள். திரும்பி வந்தபோது லோரி போயிருந்தது. குணவதி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சு. இருந்தாலும் படி. படிக்காம விட்டா சோறு செரிக்காது."

காமாரியா தாளை எடுத்தாள். பெட்டி எண்ணைச் சொன்னாள். உம், உம். பிறகு எடை. "ரெண்டு. ஆறு. அஞ்சு."

உம் வரவில்லை.

"ரெண்டு, ஆறு" என்று மறுபடி சொன்னாள்.

குணவதி திரையைப் பார்த்தாள். தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். குட்டிப் பலகையின் மேல் விரல்களை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். திரையில் ரெண்டு, நாலு என்று இருந்தது. இருபத்தாறு டன் பெட்டி இருபத்து நாலு டன் என்று போயிருந்தது.

பின்னால் அவளே காமாரியாவுக்கு விளக்கினாள். வலது கையில் ஆள்காட்டி விரல் நாலின் மேல் இருக்கும், மோதிர விரல் ஆறின் மேல் இருக்கும். இடது கையில் அது அப்படியே திருப்பம், கண்ணாடியில் பார்க்கிறமாதிரி. பழகும்போது மனசு வைத்து அடித்தாள், சரியாக வந்தது. ஹாரன் சத்தத்தில் மனசு விலகிய உடனே விரல் தன் பழைய புத்திக்குப் போய்விட்டது. ஒரே ஓர் எண். பெட்டி எண்ணில் தப்பு விழுந்தால் கணினியே நிறுத்தும். எடையில் நிறுத்தாது. யார் எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொள்ளும்.

எதிர் மேசையில் ரூபினி இல்லை, சாப்பிடப் போயிருந்தாள். லோகேஸ்வரன் அறைக் கதவு மூடியிருந்தது. இந்தத் திரையை இப்போது பார்த்தவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான்.

"யாரும் பாக்கல" என்று காமாரியாவின் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகு, இப்போதுதானே தொழுதுவிட்டு வந்தோம் என்று அவளுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் நாக்கு நிற்கவில்லை. "ரெண்டு டன்னுதானே குணா. நாளைக்கு அந்த ஆளு வர்றாரு. இன்னிக்குப் போய்ச் சொன்னா..."

குணவதி சன்னல் பக்கம் திரும்பினாள். சன்னல் வழியே துறைமுகத்துக் கிரேன்களின் தலை மட்டும் தெரியும். ஒரு கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர்களுடைய பெட்டியாக இருக்காது. இருந்தாலும் காமாரியா அதையே பார்த்தாள்.

"எங்கப்பா இங்கதான் மூட்டை தூக்கினாரு" என்றாள் குணவதி. "பேரு பிச்சைமுத்து. மேல எழுதினவன் கம்மியா எழுதினா, கீழ தூக்குறவன் முதுகுக்குத்தான் அது தெரியும். லேசுன்னு நெனச்சு இதக் கப்பல்ல மேல் அடுக்குல வச்சிருவாங்க காமாரியா. கடல் ஆடும்."

"நான் தொழப் போகாம இருந்திருந்தா..."

"அதச் சாக்கா வைக்காத. ஒன்ன அனுப்பினது நான். அவசரப்பட்டதும் நான்."

எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். காமாரியா மனசுக்குள் ஓதத் தொடங்கினாள். என்ன கேட்டு ஓதுகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. குணவதி போகக்கூடாது என்றா, போகட்டும் என்றா. அதற்குள் குணவதி அறைக் கதவைத் தட்டிவிட்டாள்.

உள்ளே போனவள் கதவைச் சாத்தாததால் எல்லாம் கேட்டது.

"எப்ப அனுப்பினீங்க?"

"இப்பத்தான் பாஸ். லோரி உள்ள போயிருக்கும்."

"நாளைக்கு யாரு வர்றாங்கன்னு தெரியும்தானே அக்கா."

"தெரியும்."

"புது கீபோர்டா?"

"கீபோர்டு என்ன பண்ணும். கை என்னோடது."

லோகேஸ்வரன் ஏதோ மலாயில் முணுமுணுத்தான். பிறகு போனை எடுத்தான். துறைமுகத்தில் ஒரு எண்ணில் யாரும் எடுக்கவில்லை. இன்னொன்றில் காத்திருக்கச் சொன்னார்கள். கப்பல் கம்பெனியில் ஒரு பெண், பெட்டிகளை அடுக்கும் திட்டம் போய்விட்டது, இனி மாற்றுவது கஷ்டம் என்றாள். குணவதி அறைக்குள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ரூபினி சாப்பிட்டுவிட்டு வந்து, என்ன என்று கண்ணால் கேட்டாள். காமாரியா தலையை மட்டும் ஆட்டினாள். தேநீர் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். யாரும் தொடவில்லை. திரும்ப எடுத்து வந்தாள்.

வெயில் சாய்ந்து சன்னல் கம்பியின் நிழல் குணவதியின் காலி நாற்காலி மேல் விழுந்த நேரத்தில் போன் வந்தது. அந்தப் பெட்டி இன்னும் கரையில்தான் இருக்கிறது. எடையைத் திருத்தி அனுப்பினால் எடுத்துக்கொள்வார்கள். கீழ் அடுக்குக்கு மாற்றிவிடுவார்கள்.

குணவதி வந்து உட்கார்ந்தாள். குட்டிப் பலகையைத் தொடவில்லை. மேல்வரிசையில் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அடித்தாள். "படி" என்றாள்.

"ரெண்டு. ஆறு."

"உம்."

காமாரியா தாளைக் கடைசிவரை படித்து முடித்தாள். ரூபினி அந்தப் பக்கம் எதையும் அடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மிஸ்டர் வேலு வந்தார். குட்டையான மனிதர், மரியாதையாகப் பேசுகிறவர். முந்தின நாள் நடந்தது அவர் காதுக்குப் போயிருந்தது. லோகேஸ்வரனால் மறைக்க முடியாது, திருத்தின செலவைக் கணக்கில் காட்டவேண்டும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே உயரத்துக்குத் தாள் அடுக்கி வைத்தார்.

குணவதி உட்கார்ந்தாள். குட்டிப் பலகையின் வயரைப் பிடுங்கினாள். அதைச் சுருட்டி மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

அது இருந்தால்தான் ரூபினிக்குப் பக்கத்திலாவது வரமுடியும். இன்றைக்கு ஹாரன் இல்லை, லோரி இல்லை. மனசு வைத்து அடித்தால் சரியாகத்தானே வரும். காமாரியா தேநீர்த் தட்டோடு அருகில் போய்க் குனிந்து, "குணா, இன்னிக்கு மட்டும்" என்று முணுமுணுத்தாள்.

"இன்னிக்கு மட்டும் ஒழுங்கா அடிச்சு இந்த நாற்காலிய வாங்கினா, நாளைக்கு மறுபடி லோரி வரும்" என்றாள் குணவதி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

மிஸ்டர் வேலு அதைப் பார்த்துவிட்டார். "அது எதுக்கு உள்ள வச்சீங்க, அம்மா? வேகமா வரும்தானே?"

"வரும் சார். எங்க போகும்னுதான் தெரியல."

ரூபினியின் பக்கம் பெருமழை. குணவதியின் பக்கம் கூரையிலிருந்து சொட்டுகிறமாதிரி ஒவ்வொன்றாக. இரண்டு கையாலும் மேல்வரிசையைத் தேடித் தேடி அடித்தாள். ஒரு தாள் முடிந்தால் விரலை வைத்துத் தானே ஒத்துப் பார்த்தாள். காமாரியா படிக்கப் போகவில்லை. போட்டியில் அது கூடாது என்று லோகேஸ்வரன் முன்பே சொல்லியிருந்தான். தேநீர் போடும் மூலையில் தட்டுகளைக் கழுவுகிறமாதிரி நின்றுகொண்டு சத்தத்தை மட்டும் கேட்டாள். ஒரு சமயம் பெருமழை நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தாள். ரூபினி முடித்துவிட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். சொட்டுச் சத்தம் மட்டும் தொடர்ந்தது. மிஸ்டர் வேலு நிறுத்தச் சொல்லவில்லை. குணவதியின் அடுக்கில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அந்தச் சத்தத்தை அப்படியே கேட்டுக்கொண்டு நிற்பது காமாரியாவுக்கு முந்தின நாள் மதியத்தைவிடக் கடினமாக இருந்தது.

ஒரு தாளை முடித்துவிட்டுக் குணவதியே கையை எடுத்தாள். "போதும் சார். இதுதான் என் வேகம்."

இரண்டு பேர் தாளிலும் ஒரு பிழையும் இல்லை. காமாரியா மனசின் ஒரு மூலையில் ரூபினியிடம் ஒரு பிழையாவது இருக்கட்டும் என்று நினைத்திருந்தாள். இல்லை. அந்தப் பெண் நன்றாகத்தான் செய்திருந்தாள்.

சாயங்காலம் லோகேஸ்வரன் குணவதியை அறைக்குக் கூப்பிட்டான். வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சிம்பாங் அம்பாட்தான். ஆனால் பெட்டி தூக்கவேண்டாம். ஸ்டோர் வாசலில் நின்று, உள்ளே வருகிற லோரிகளின் எடைச் சீட்டையும் பெட்டி முத்திரையையும் சரிபார்க்கிற வேலை. மிஸ்டர் வேலுவே சொன்னாராம். நேற்றுத் தானாக வந்து சொன்னவர் வாசலில் நின்றால் நல்லது என்றாராம்.

"நின்னுக்கிட்டே இருக்கணுமா?" என்றாள் காமாரியா.

"ஒரு ஸ்டூல் கேட்டிருக்கேன்."

"கொடுப்பாங்களா?"

"கொடுக்காட்டி நானே வாங்கிட்டுப் போறேன். கீபோர்டு வாங்கினவளுக்கு ஸ்டூல் வாங்க முடியாதா."

ரூபினி தன் மேசையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்திருந்தாள். குணவதி அவள் பக்கம் போய், எந்தத் தொழிற்சாலைக்காரர் தாளைப் பிந்தி அனுப்புவார், யாரிடம் போனில் கண்டிப்பாகப் பேசவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். ரூபினி "சரிக்கா, சரிக்கா" என்றாள்.

மாத முடிவில் குணவதி அடுக்குமாடி வீட்டைக் காலி செய்தாள். இனி அக்கா வீட்டில் இருப்பாள்; அங்கிருந்து சிம்பாங் அம்பாட் பக்கம். தினமும் கடல் தாண்டவேண்டியதில்லை. கடைசி நாள் சாயங்காலம் ஒரு பையோடு ஃபெரித் துறைக்கு நடந்தாள். காமாரியா மேசையைத் துடைக்கப் போனபோது குட்டைக் கீபோர்டு அதன் பெட்டியிலேயே, மேலே ஒரு துணி போட்டு, நாற்காலியில் இருந்தது. மறந்துவிட்டாளே என்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முக்காடு நழுவ நழுவ, சிக்னலில் நிற்காமல், மோட்டார் சைக்கிள்காரர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு ஓடினாள். குணவதி டிக்கெட் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தாள். காமாரியா தடுப்பின் மேலே பெட்டியை நீட்டினாள்.

"மறந்துட்டுப் போறியே. எனக்கு மூச்சு போச்சு."

குணவதி திரும்பி வந்தாள். பெட்டியை வாங்கவில்லை. காமாரியாவின் முக்காட்டைத் தன் இடது கையால் இழுத்துச் சரிசெய்துவிட்டாள். ஃபெரிக்கு மணி அடித்தது. பின்னால் வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பிறகு இருவரும் போனில்தான் பேசியிருக்கிறார்கள், பெருநாளுக்கும் தீபாவளிக்கும், நேரில் பார்த்ததில்லை.

"மறக்கல" என்றாள் குணவதி. "உன் அலமாரியில வை. ரூபினி அடிக்கிறப்ப வலது தோள லேசா தூக்கித் தூக்கி எறக்குறா, பாத்தியா? அவளுக்கே இன்னும் தெரியல. தோளப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ற அன்னிக்கு எடுத்துக் கொடு. அதுக்கு முந்திக் கொடுத்தா வாங்க மாட்டா. யார் கொடுத்தாங்கன்னு கேக்காட்டி நீயா சொல்லாத. கேட்டா சொல்லிடு, நீ பொய் சொல்ல மாட்டே. அந்த நம்பர் குட்டிய மட்டும் நான் எடுத்துட்டேன்னு சொல்லு."